இரண்டு தண்ணீர் இருந்த ஊர்

கோயமுத்தூர் வீடுகளில் அப்போது இரண்டு தண்ணீர் இருந்தது. சமையலறையில் பலகை மேல் பித்தளைக் குடத்தில், வாயில் பழைய வேட்டித் துணி கட்டி வைத்திருப்பது நல்ல தண்ணி. பொடக்காலியில் சிமெண்டுத் தொட்டியில் கிடப்பது உப்புத் தண்ணி. நல்ல தண்ணியைச் சிறுவாணி என்றே சொல்வார்கள். வெயிலில் வந்த விருந்தாளிக்குச் சொம்பை நீட்டும்போது அம்மா, "சிறுவாணிங்க, குடிங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துத்தான் கொடுப்பார். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு. யார் ருசி பார்த்து வரிசை போட்டார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்பினால், செருப்பைக் கழற்றியதும் எல்லோரும் முதலில் போவது அந்தக் குடத்திடம்தான்.

இரண்டையும் கலக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பருப்பு வேகவைக்க, சோறாக்க, காப்பி போட, மோர் கரைக்கச் சிறுவாணி. பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க, வாசல் தெளிக்க உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் மலராது. சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடித்துக்கொள்ளும். வெந்நீர்த் தவலையின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்பு ஏடு கட்டும். அம்மா புளியைப் போட்டு ஊறவைத்துக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் அக்காவுக்குச் சீயக்காய் போகக் கடைசியில் ஒரு சொம்பு சிறுவாணி கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குவதற்கு அவள் முதல்நாளே அம்மாவிடம் பேசி வைக்க வேண்டும்.

நகரங்களின் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி இப்போது எழுதுகிற பொறியாளர்கள், குடிக்கத் தகுந்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றாதீர்கள், வீட்டுக்கு இரண்டு குழாய் வையுங்கள் என்கிறார்கள். எங்கள் தெருவில் எழுபதுகளிலேயே அப்படித்தான் இருந்தது. சிறுவாணியை இடுப்பில் சுமந்து வந்தவர்களுக்கு அதை எங்கே ஊற்றலாம், எங்கே கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எங்கள் தெரு ராமநாதபுரத்தில். தெற்கே இருக்கும் மாவட்டத்தைச் சொல்லவில்லை; கோவைக்குள்ளேயே திருச்சி ரோட்டில் அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. மில் தொழிலாளிகள் நிறைந்த சந்து. தெருவுக்கு ஒரு பொதுக்குழாய். எனக்கு நினைவு தெரிந்தபோது அது இடுப்பு உயரத்தில் நின்றது. ஜனம் பெருகப் பெருகக் குழாயில் வேகம் குறைந்தது. இடுப்பு வரை ஏறாத தண்ணீர் முழங்கால் வரை ஏறும் என்று குழாயை அறுத்துக் கீழிறக்கினார்கள். அப்புறம் அது தரையோடு வந்தது. அதுவும் போதாமல் தரையைத் தோண்டினார்கள். ஆள் குந்தி உட்காரும் ஆழத்துக்கு ஒரு குழி, இறங்குவதற்கு இரண்டு கல், அடியில் ஒரு பித்தளைத் திருகு. அதுதான் எங்கள் குழிக்குழாய்.

ஒருவர் குழிக்குள் இறங்கிக் குடத்தைப் பிடிக்க வேண்டும். மேலே ஒருவர் குனிந்து நிறைகுடத்தை வாங்க வேண்டும். உள்ளே இருப்பவரின் முதுகு குழியின் சுவரில் உரசும். பிள்ளைகளுக்கு இடம் சரியாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் எங்களைத்தான் இறக்குவார்கள். திருகைத் திறந்ததும் முதலில் காற்று வரும். அந்தச் சத்தம் கேட்டால் தெருவே பேச்சை நிறுத்திவிடும். அப்புறம் துருப்பிடித்த கலங்கல் கொஞ்சம். அப்புறம் விரல் கனத்துக்குக் குளிர்ந்த தண்ணீர். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் என்பதைக் குடத்துக்குள் சத்தம் ஏறுவதை வைத்தே சொல்வோம். மழை பெய்தால் குழியில் சலதாரைத் தண்ணி நிற்கும். அதை முகந்து வெளியே ஊற்றி, குழாயின் வாயைத் துடைத்துத் துணி சுற்றிவிட்டுத்தான் பிடிக்க ஆரம்பிப்போம். அதைக் குடித்துவிட்டுக் காய்ச்சலில் விழுந்த பிள்ளைகளும் உண்டு. குழிக்குழாயின் நினைவு எவ்வளவு நெருக்கமானதாக இருந்தாலும் அந்த நிலை மறுபடி யாருக்கும் வரக் கூடாது.

ஒரு ஜாண் அதிகம் தோண்டிய தெருவுக்குத் தண்ணீர் கூட வரும்; மேட்டுத் தெருவுக்கு அந்த அளவு குறையும். எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் எல்லோரும் தோண்டினார்கள். பின்னாளில் வீட்டு இணைப்பு வந்தபோது அதே போட்டி மோட்டார் வைத்து இழுப்பதாக மாறியது.

தண்ணி திறப்பவர் சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரில் ஆளுயர இரும்புச் சாவி சாய்த்துக் கட்டியிருக்கும், மேலே கைப்பிடி குறுக்காக. தெருமுனை வால்வு மூடியைத் திறந்து அதை உள்ளே விட்டுத் திருகுவார். பெண்கள் சுற்றி நின்றுகொள்வார்கள்.

"ஏனுங்ண்ணா, இன்னைக்காச்சும் ஒரு அரை மணி நேரம் சேத்தி உடுங்க."

"நான் என்னம்மிணி பண்ணட்டும்? மேல இருந்து வந்தாத்தான கீழ உட முடியும்?"

எதிர்வீட்டு ஆத்தாவுக்கு இந்தப் பதில் பிடிக்காது. "போன வாரமும் இதேதாஞ் சொன்னே" என்பார். ஆனாலும் அவர் சைக்கிளை எடுக்கும்போது ஒரு டம்ளர் மோரை அவர் கையில் கொடுப்பதும் அந்த ஆத்தாதான்.

கோடையில் தண்ணீர் நடுராத்திரிக்கு மேல் வரும். அப்பாவுக்கு ரெண்டாம் ஷிப்ட் என்றால் மில்லுச் சங்கு ஊதி அவர் வீடு வந்து சேரும் நேரமும் அதுதான். பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு, சட்டையை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் வந்து நிற்பார். குடங்கள் மாலையிலிருந்தே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். செங்கல்லுக்கும் மரியாதை உண்டு. சண்டையும் வரும், கெட்ட வார்த்தையும் விழும். ஆனால் பிள்ளை பெற்ற வீடு, சாவு விழுந்த வீடு என்றால் கேட்காமலேயே முதல் குடம் அவர்களுக்குப் போய்விடும்.

இந்தத் தண்ணீர் ஊருக்கு வந்த வரலாற்றை நான் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன். கோவை மலைகளுக்குப் பக்கத்தில் இருந்தும் மழை மறைவில் இருக்கும் ஊர். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிரைக் கொண்டுவரும். மழையில் பெரும்பகுதியைக் கேரளத்துச் சரிவிலேயே இறக்கிவிட்டு வரும். வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் எங்களுக்கு அது நல்ல வருஷம். கிணறுகளில் பெரும்பாலும் உப்பு. 1866ல் நகராட்சி ஆனது. 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. ஜனம் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்து ஊரைக் கலைத்துப் போட்டது. பிளேக் மாரியம்மன் கோயில் இன்றும் நகரின் நடுவில் இருக்கிறது.

இந்தச் சூழலில்தான் சே.ப.நரசிம்மலு நாயுடு சிறுவாணியைப் பற்றிப் பேசினார். பத்திரிகை நடத்தியவர், பயண நூல்கள் எழுதியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே காட்டுக்குள் ஏறி, முத்திக்குளம் பக்கத்து நீரைக் கண்டு வந்து, இது ஊருக்கு வர வேண்டும் என்றார். அவர் சொன்னது உடனே நடக்கவில்லை. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.இரத்தினசபாபதி முதலியார் காலத்தில், 1930ஐ ஒட்டி, மலையைக் குடைந்து சிறுவாணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆர்.எஸ்.புரம் அவர் பெயரில் இருப்பதுதான். அடுத்த சில ஆண்டுகளில் பைக்காரா மின்சாரமும் வந்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்துதான் எங்கள் ஊரை மில்களின் ஊராக்கின. 1931ல் ஒரு லட்சத்துக்கும் குறைவான பேர் இருந்த நகரம்.

சிறுவாணித் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக இறங்கி வருவது. அதை இழுக்க மோட்டார் தேவையில்லை. மோட்டாரும் பம்பும் செய்து இந்தியா முழுக்க அனுப்பிய ஊருக்கு, அதன் மிக நல்ல தண்ணீர் ஒரு பம்பும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

இன்று நாம் பார்க்கும் பெரிய அணை பிறகு வந்தது. பாலக்காடு மாவட்டத்தில், கேரள மண்ணில், தமிழ்நாட்டின் செலவில் கட்டப்பட்டது. 1973ல் இரண்டு மாநிலங்களும் 99 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டன, ஆண்டுக்கு 1.3 டிஎம்சி கோவைக்கு. அணை 1984ல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் ஒரு ராத்திரி குழாயைத் திறந்தபோது தண்ணீர் வந்த வேகத்தில் உள்ளே இருந்த பையன் கையிலிருந்து குடம் நழுவியது. குழி நிரம்பி, வழிந்து, தெருவில் ஓடியது. தூங்கப் போனவர்களை எல்லாம் எழுப்பிக் கூட்டி வந்தார்கள். எதிர்வீட்டு ஆத்தா குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சில மாதங்களில் குழியை மூடிக் குழாயை மறுபடி மேலே தூக்கினார்கள். ஊர் அந்த அணையையும் மிஞ்சி வளரச் சில வருஷங்களே பிடித்தன.

அதற்கு முன்பே ஒருமுறை அப்பாவும் மில் நண்பர்களும் எங்களைச் சாடிவயலுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சிறுவாணி மலையின் அடிவாரம். கட்டுச்சோறு, புளிச்சோறும் தயிர்ச்சோறும். வெள்ளியங்கிரி மலைகளிலிருந்து இறங்கும் ஓடையில் கால் வைத்தால் எலும்பு வரை குளிர் ஏறியது. அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்று, "இதுதான் கண்ணு நம்ம நொய்யல். இங்கதான் பொறக்குது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் அறிந்த நொய்யல், ஊருக்குள் பாலத்துக்கு அடியில் மெதுவாக நகரும் கலங்கல். சிறுவாணித் தண்ணீர் மலையைத் தாண்டி நகரத்துக்குப் புறப்படும் அதே அடிவாரத்தில்தான் எங்கள் சொந்த ஆறும் பிறந்து இறங்குகிறது. ஒன்றைக் குழாய்க்குள் பத்திரமாகக் கொண்டுவந்தோம். மற்றதைச் சலதாரையாக்கினோம். பிற்காலத்தில் கோவைத் தண்ணீர் பற்றி எந்தக் கூட்டத்தில் எந்தப் புள்ளிவிவரம் கேட்டாலும் எனக்கு அந்த ஓடையில் நின்ற அப்பாவின் கால்கள்தான் முன்னால் வருகின்றன.

நொய்யல் சின்ன ஆறு. வெள்ளியங்கிரியில் தொடங்கிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும். வருஷம் முழுக்க ஓடும் ஆறு அது என்று சொல்ல முடியாது. அதனால்தான் பழைய காலத்தவர்கள் அதை ஓட விட்டுவிடாமல் வழியெல்லாம் தடுப்பணை போட்டு, வாய்க்கால் வெட்டி, குளங்களில் நிறுத்தினார்கள். சித்திரைச்சாவடியில் தொடங்கும் வாய்க்கால். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம். இந்தப் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் ஊரின் பாதி வரைபடம் வந்துவிடும். மலையில் சில வாரம் பெய்த மழையைப் பல மாதத்துக்கு வைத்திருக்கும் ஏற்பாடு அது. கிழக்கே போகும் வெள்ளம் ஒரு குளத்தை நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

எங்களுக்கு நடக்கும் தூரத்தில் வாலாங்குளம். ரயில் அதன் நடுவே மேட்டில் போகும். கரையில் கோரைப்புல், உள்ளே நாரை, முக்குளிப்பான். பரிசலில் வலை வீசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையிலேயே ஜிலேபி மீன் விலைக்குக் கிடைக்கும். கோரையில் கோத்துத் தூக்கி வருவோம். குளம் வற்றும் கோடையில் மாட்டு வண்டிகள் வரிசையாக வந்து வண்டல் அள்ளிப் போகும். அந்த வண்டலுக்கு வயல்காரர்களிடையே போட்டி இருக்கும். குளத்தைத் தூர்வார யாரும் திட்டம் போட வேண்டியிருக்கவில்லை.

குளம் நிரம்பிய வருஷத்தில் எங்கள் பொடக்காலிக் கிணற்றிலும் தண்ணீர் மேலே வரும். உப்பும் மட்டுப்படும். "கொளம் ரொம்பிருச்சு, கெணத்துத் தண்ணி வாயில வெக்கறாப்ல இருக்குது பாரு" என்று ஆத்தா ஒரு கை அள்ளிக் கொடுப்பார். ஊரின் உப்புத் தண்ணிக்குப் பின்னால் இருந்தது குளங்களும் நொய்யலும்தான் என்பதற்கு எனக்கு அந்த ஒரு கைத் தண்ணீரே சாட்சி.

சிறுவாணி வீட்டுக்குள் வந்த பிறகு குளம் யாருக்கும் தேவைப்படவில்லை. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். குளத்துப் பாசன வயல்கள் மனைகளாயின. வயல் இல்லாத வாய்க்காலுக்குக் காவல் யார்? வீடுகளின் கழிவுநீர் அதில் சேர்ந்தது. குளத்தின் ஓரத்தில் ரோடு வந்தது, கட்டடங்கள் வந்தன. அம்மன் குளம் இன்று ஒரு குடியிருப்பின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்றவற்றில் ஆகாயத்தாமரை மூடியது. வாலாங்குளத்தின் பக்கம் பஸ் போகும்போது ஜன்னலை ஏற்றிவிடும் காலமும் வந்தது.

உப்புத் தண்ணிக் கிணறுகள் அதன் பிறகு அதிக காலம் தாங்கவில்லை. இதைத் தெருவில் பார்த்ததைவிட அப்பாரு தோட்டத்தில்தான் கண்ணெதிரே பார்த்தேன். சூலூர்ப் பக்கம் சோளமும் பருத்தியும் போட்ட தோட்டம். நடுவில் சதுரக் கிணறு, கருங்கல் கட்டு, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் கல் படிகள். விளிம்பில் வளைந்த மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தண்ணீரை நோக்கித் தொங்கும். மேலிருந்து குதித்தால் காலில் தரை தட்டாது. அப்பாரு சின்ன வயதில் கவலை ஓட்டியவர். எருதுகள் பின்னால் நடந்து வர, தோல் சால் கிணற்றில் இறங்க, முன்னால் நடக்க அது ஏறிக் கொட்டும். எருது களைத்தால் தண்ணீர் இறைப்பதும் நிற்கும். கிணறு அதற்குள் ஊறிக்கொள்ளும்.

மோட்டார் களைக்காது. முதலில் கிணற்று மேட்டில் இருந்த மோட்டாரை ஒரு கல் மேடை கட்டிக் கீழே இறக்கினார்கள். அடுத்த வறட்சியில் இன்னும் கீழே. அப்புறம் கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் துளை போட்டார்கள், சைடு போர் என்று. சில வருஷம் அதில் கசிவு வந்தது. விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் ராத்திரி பகல் மோட்டார் ஓடியது. ஒருவர் நிறுத்தினால் பக்கத்துத் தோட்டக்காரர் இழுத்துக்கொள்வார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எங்கள் குழிக்குழாயில் நடந்த அதே கதை.

கடைசியில் திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி வந்தது. அதற்கு முதல்நாள் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் உரித்த தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். கிணற்றுக்கு வடகிழக்கில் ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே மஞ்சள் பிள்ளையார் பிடித்து, எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் காட்டி, வண்டியை நிறுத்தினார்கள். ராத்திரி முழுக்கத் தோட்டம் அதிர்ந்தது. கம்பி ஒவ்வொன்றாகச் சேர்த்து இறக்க இறக்க, சாம்பல் நிறப் பாறைத் தூள் பீறிட்டு எழுந்து தென்னை ஓலைகளில் படிந்தது. வண்டிக்காரர் அடிக்கணக்கைச் சத்தமாகச் சொல்வார். அடிக்கு இவ்வளவு ரூபாய் என்று பேச்சு. நூறு, இருநூறு, ஐநூறு. அப்பாரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் தூள் ஈரமாகிச் சேறாக வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது நிற்கவில்லை, மறுபடி காய்ந்த தூள். விடியும்போது வண்டிக்காரர், "இன்னும் நூறு போலாங்களா?" என்று கேட்டார். அப்பாரு போதும் என்று கையை மட்டும் ஆட்டினார். கடனுக்கு அந்த வருஷமே ஒரு பகுதி தோட்டம் போனது. இப்போது கோவையைச் சுற்றி ஆயிரம் அடி என்பது போர் போடுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு.

அந்த வட்டாரப் பெண்கள் மழை பொய்த்த வருஷங்களில் மழைச்சோறு எடுத்ததை நான் கண்டிருக்கிறேன். வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, ஒன்றாகக் கலந்து, வறண்ட குளத்தில் உட்கார்ந்து, ஒப்பாரி பாடிச் சாப்பிடுவார்கள். மழை இல்லாவிட்டால் எல்லா வீட்டுச் சோறும் ஒன்றுதான் என்பதை ஊரே சேர்ந்து நினைத்துக்கொள்ளும் நாள் அது. அந்த வழக்கம் அங்கே நின்று பல வருஷம் ஆகிறது.

நகரத்துக்குப் புதிய தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. தொண்ணூறுகளில் பில்லூர் முதல் திட்டம், 2011ஐ ஒட்டி இரண்டாவது, 2024ல் மூன்றாவது. ஆழியாற்றுத் தண்ணீர் தெற்குப் பக்கத்தின் சில பகுதிகளுக்கு. 2011ல் மாநகராட்சி எல்லை நூறு வார்டுகளாக விரிந்தது. அதற்குள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். 2018ல் நகரின் விநியோகத்தைச் சீரமைத்து 24 மணி நேரமும் தண்ணீர் தரும் பொறுப்பு சூயஸ் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அது குறித்து ஊரில் நிறைய வாதம் நடந்தது, நடக்கிறது. பழைய குழாய்களை மாற்றி, கசிவை நிறுத்தி, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் தண்ணீர் போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆள் இறங்கும் குழியிலிருந்து தண்ணீர் பிடித்தவன் அதை மறுக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயம் யாரும் அதிகம் பேசாமல் இருக்கிறது. சிறுவாணி ஆறு அட்டப்பாடியில் பவானியில் சேர்வது. பில்லூர் அணை பவானியின் மேல் இருப்பது. ஆக, மூன்று பில்லூர் திட்டமும் சிறுவாணியும் ஒரே பவானியின் தண்ணீர்தான். கீழே கொடிவேரி, காலிங்கராயன் வாய்க்கால், கீழ்பவானிப் பாசனம் என்று அதே ஆற்றை நம்பி எத்தனையோ வயல்கள். திருப்பூரும் பவானித் தண்ணீர் குடிக்கிறது. 2024ல் தொடங்கிய அத்திக்கடவு–அவினாசித் திட்டமும் பவானியின் உபரியை எதிர்பார்த்துத்தான். மழை குறைந்த வருஷத்தில் இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். 2017 கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்கு இறங்கியபோது கோவையின் பல வார்டுகளில் குடங்கள் மறுபடி தெருவுக்கு வந்தன. அணையில் தண்ணீர் தேக்கக்கூடிய உயரம் 50 அடி. பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கேரளம் சில ஆண்டுகளாக 45 அடிக்கு மேல் தேக்க விடுவதில்லை. 1973ல் போட்ட ஒப்பந்தம் 2072 வரைக்கும்தான். அன்றைக்கு இங்கே இருக்கப் போகிறவர்கள் இன்று பள்ளிக்கூடம் போகும் நம் பேரப்பிள்ளைகள்.

நொய்யலின் நிலையோ வேறு. கோவையின் கழிவுநீரையும் திருப்பூரின் சாயநீரையும் சுமந்து போன ஆறு அது. 1992ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிப் போனதையும், 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் எல்லோரும் செய்தித்தாளில் படித்தோம். அந்த ஆற்றின் தொடக்கம் எலும்பு வரை குளிரும் தெளிந்த ஓடை என்று சொன்னால் திருப்பூரில் வளர்ந்த பிள்ளைகள் நம்புவதில்லை.

வாலாங்குளத்துக்கும் பெரியகுளத்துக்கும் இப்போது மறுபடி மாலையில் ஜனம் போகிறது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கரையைக் கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, படகும் விட்டிருக்கிறார்கள். குழந்தைகள் கரையில் ஓடுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. ஒரு தலைமுறை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் இருந்தது. 2003ல் தொடங்கிய சிறுதுளி அமைப்பும் பல தன்னார்வலர்களும் குளங்களில் இறங்கிச் சேறு அள்ளியதையும் மறக்கக் கூடாது. ஆனால் கரை அழகாக இருப்பதும் குளத்துக்கு நல்ல தண்ணீர் வருவதும் வேறு வேறு. சித்திரைச்சாவடியிலிருந்து வரும் வாய்க்காலில் மழைநீர் மட்டும் ஓடினால், சங்கனூர்ப் பள்ளத்தில் கழிவுநீர் விழாமல் நின்றால், குளத்துக்குள் விடுவதற்கு முன் கழிவுநீர் முழுக்கச் சுத்தமானால், ஊரின் உப்புத் தண்ணீர் திரும்ப வரும். துவைக்க, கழுவ, செடிக்கு ஊற்ற, கழிப்பறைக்கு அது போதும். பவானியிலிருந்து கொண்டுவரும் நல்ல தண்ணீரின் தேவை அந்த அளவுக்குக் குறையும். அம்மா வீட்டுக்குள் வைத்திருந்த சட்டத்தை ஊருக்குப் போடுவதுதான் இது.

இதற்குப் புதிய அணை வேண்டாம், இன்னொரு மாநிலத்தின் சம்மதமும் வேண்டாம். வாய்க்கால் எந்த வழியாக வருகிறது என்பது வருவாய்த்துறைப் படங்களில் இன்னும் இருக்கிறது. எங்கே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். 2003ல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி உங்கள் வீட்டிலும் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது மண் மூடிக் கிடக்கிறது. அதை இந்த வாரம் திறந்து பாருங்கள். உங்கள் வார்டுக் கவுன்சிலர் வரும்போது எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணி விடுவீர்கள் என்று கேட்பதோடு, நம் குளத்துக்கு வரும் வாய்க்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். ஆனி ஆடிச் சாரலில் நொய்யலில் புதுத்தண்ணி இறங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.